செம்பின் மேல் மை: மைப்பீச்சு அச்சுப்பொறியால் மின்சுற்றுப் பலகையில் நேரடியாக அச்சிடும் முறை

ஆய்வுச் சுருக்கம்

இன்க்ஜெட் எனப்படும் மைப்பீச்சு அச்சுப்பொறி காகிதத்திற்காக உருவாக்கப்பட்டது. அதன் உடற்பகுதியில் சில மாற்றங்களைச் செய்து, செப்புப் பூச்சுடைய பலகையின் மீது மின்சுற்றின் வரைவை நேரடியாக அச்சிட்டு, எஞ்சிய செம்பை வேதிக் கரைசலால் அரித்து நீக்கி, மின்சுற்றுப் பலகை ஆக்கலாம். இக்கட்டுரை அம்முறையின் இயங்குநெறியை விளக்குகிறது. பொறியை வெட்டுவதும் உயர்த்துவதும் இம்முறையின் கடினமான பகுதி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது, நீரை உறிஞ்சாத செப்புப் பரப்பின் மேல் மிக மெல்லிய மைப்படலம் ஒன்று பரவி, உலர்ந்து, பற்றி நிற்பதே என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மின்சுற்றுப் பலகை, மைப்பீச்சு அச்சு, அரிப்புத் தடுப்பு, நிறமி மை, அழுத்தமின் அச்சுத்தலை, ஃபெரிக் குளோரைடு.

முன்னுரை

எந்த மின்னணுக் கருவியைத் திறந்தாலும் அதனுள் ஒரு பலகையும், அப்பலகையின் மேல் மெல்லிய செப்புத் தடங்களும் காணப்படும். முற்காலத்தில் கம்பிகளைக் கையால் இணைத்துச் செய்த வேலையை இத்தடங்கள் செய்கின்றன. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936ஆம் ஆண்டளவில் இலண்டனில் இவ்வகைச் சுற்றைக் கொண்ட வானொலிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். 1943ஆம் ஆண்டில் அம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். மின்கடத்தாப் பலகை ஒன்றின் மேல் செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டிய இடத்தை மூடி, வேண்டாத செம்பைக் கரைத்து நீக்குவதே அந்நெறி. இன்றுவரை தொழிற்சாலைகளின் அடிப்படையும் அதுவே.

இந்நெறிக்கு ஐஸ்லருக்கும் முந்தைய ஓர் உறவு உண்டு. ரெம்பிராண்ட் போன்ற ஓவியர்கள் செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு ஓவிய அச்சுக்கான தகடுகளைச் செய்தனர். அங்கே ஓவியன் கீறிய கோட்டை அமிலம் உண்ணும். மின்சுற்றிலோ வரைந்த கோடு எஞ்சும். வரையாத இடமே உண்ணப்படும். இரண்டிலும் செம்பைக் காப்பது ஒரு மெல்லிய படலமே. அப்படலம் இக்கட்டுரையில் தடுப்பு எனப்படுகிறது.

ஓரிரு பலகைகளை மட்டும் செய்துகொள்ள விரும்பும் மாணவரும் ஆய்வகத்தினரும் இத்தடுப்பை இடுவதற்குப் பல வழிகளைக் கையாண்டுள்ளனர். அழியா மைப் பேனாவால் கையால் வரைவது எளிய வழி. லேசர் அச்சுப்பொறியின் டோனர் என்னும் நெகிழித் தூளை வழவழப்பான தாளில் அச்சிட்டு, சலவைப் பெட்டியின் சூட்டால் செம்பிற்கு மாற்றுவது பரவலான வழி. ஒளியுணர் படலத்தைப் பூசிப் புற ஊதாக் கதிரால் பதிப்பது மிகத் துல்லியமான வழி. பின்னைய இரண்டிலும் வரைவு முதலில் தாளிலோ ஒளிபுகு தகட்டிலோ அச்சாகி, அதன் பின்பே செம்பிற்குச் செல்கிறது. இடையில் வரும் அந்தத் தாள் நகரலாம், சுருங்கலாம், ஓரிடத்தில் ஒட்டாமல் போகலாம். சலவைப் பெட்டி முறையில் ஒரு மூலையில் மட்டும் டோனர் ஒட்டாமல் முழுப் பலகையையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டிய நிலை, அம்முறையைப் பயின்ற எவருக்கும் புதிதன்று. இடைத்தாளே இல்லாமல் பொறியின் மை நேரே செம்பில் விழுந்தால் என்ன என்ற வினாவிலிருந்து இம்முறை பிறக்கிறது.

சூட்டால் தெறிக்கும் மை, அழுத்தத்தால் தெறிக்கும் மை

எல்லா மைப்பீச்சுப் பொறிகளும் இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல. இவற்றில் இரண்டு குலங்கள் உள்ளன.

முதற்குலம் வெப்பத்தால் இயங்குவது. நுண்துளைக்குப் பின்னுள்ள சிறு அறையில் ஒரு மின்தடை சில மைக்ரோ நொடிகளில் சூடேறுகிறது. மையிலுள்ள நீர் கொதித்துக் குமிழாகிறது. குமிழ் மைத்துளியை வெளியே தள்ளுகிறது. 1977ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளரின் சூடான பற்றாசுக்கோல் மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டபோது மை பீறிட்டதே இக்கண்டுபிடிப்பின் தொடக்கம் என்று கேனான் நிறுவனம் தன் வரலாற்றில் குறிப்பிடுகிறது. மின்சுற்றை இணைக்கும் கருவியே மைப்பீச்சு அச்சுக்கும் காரணமாயிற்று என்பது சுவையான பொருத்தம். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1984இல் வெளியிட்ட திங்க்ஜெட் பொறியும் இக்குலத்தது.

இரண்டாம் குலம் அழுத்தமின் விளைவால் இயங்குவது. பீசோ எனப்படும் படிகத்திற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது வளைகிறது. வளையும்போது மை அறையை நெருக்கித் துளியை வெளியேற்றுகிறது. எப்சன் நிறுவனத்தின் பொறிகள் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. இங்கே மை கொதிக்க வேண்டியதில்லை. பிசின் கலந்த மை, நீரல்லாத கரைமம் கொண்ட மை எனப் பலவகை நீர்மங்களையும் இத்தலை ஏற்கும். வெப்பத்தலையிலோ பிசின் கலந்த மை மின்தடையின் மேல் கருகிப் படிந்துவிடும் இடர் மிகுதி. தடுப்பாக நிற்கும் மை என்றாலே அதில் பிசின் இருந்தாக வேண்டும். ஆதலின் நேரடி அச்சில் ஈடுபட்டோர் பெரும்பாலும் எப்சன் பொறிகளையே நாடினர். குறிப்பாக ஸ்டைலஸ் சி84 போன்ற மலிவான பொறிகளும், குறுந்தகட்டின் முகத்தில் அச்சிடும் தட்டை உடைய ஆர்220 போன்ற பொறிகளும் இவர்களிடையே பெயர்பெற்றன. இப்பொறிகளுள் சில, பிசின் உறையிட்ட நிறமித் துகள்களைக் கொண்ட டுராபிரைட் மையைத் தம் இயல்பான மையாகவே கொண்டிருந்தன.

நிறமிக்கும் சாயத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் முதன்மை பெறுகிறது. சாயம் நீரில் கரைந்தே இருக்கும். அரிக்கும் கரைசலும் நீர்க்கரைசல் ஆதலால், சாய மையால் வரைந்த கோடு கரைசலில் இட்டவுடன் கரைந்து போகும். நிறமி கரையாத துகள். அதைப் பிணைக்கும் பிசின் உருகி ஒன்றுபட்டால் நீர் ஊடுருவாத தோல் போலாகும்.

செம்பு நீரைப் பருகாது

காகிதத்தின் மேல் விழும் துளிக்கு நேர்வது வேறு. செம்பின் மேல் விழும் துளிக்கு நேர்வது வேறு. காகிதம் நார்களின் பின்னல். துளி விழுந்தவுடன் நார்களுக்கிடையேயான நுண்புழைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மை உலர்ந்துவிட்டது என்று நாம் கருதும் கணத்தில் உண்மையில் அது பெரும்பாலும் உறிஞ்சப்பட்டிருக்கும், ஆவியாகியிருக்காது.

மைப்பீச்சு மையில் நீருடன் கிளிசரால் போன்ற மெதுவாக உலரும் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. நுண்துளையின் வாயில் மை காய்ந்து அடைபடாமல் காப்பது அவற்றின் பணி. கிளிசராலின் கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ். காகிதத்தில் அது நார்களுக்குள் ஒளிந்துகொள்வதால் எவருக்கும் தெரிவதில்லை. செம்பிலோ ஒளிந்துகொள்ள இடமில்லை. அறை வெப்பநிலையில் செம்பின் மேல் அச்சிட்ட கோடு மறுநாளும் விரலில் ஒட்டுவதற்குக் காரணம் இதுவே. பொறி பழுதுபடாமல் இருப்பதற்காகச் சேர்த்த பொருள் செம்பில் படலம் உருவாவதைத் தடுக்கிறது.

துளியின் அளவையும் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. 3 பிகோலிட்டர் பருமனுள்ள துளியின் விட்டம் ஏறத்தாழ 18 மைக்ரான். ஓர் அங்குலத்திற்கு 720 புள்ளிகள் என்ற அடர்வில் அச்சிட்டால் இரு புள்ளிகளின் இடைவெளி 35 மைக்ரான். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 80,000 புள்ளிகள் அமையும். ஒவ்வொரு புள்ளிக்கும் 10 பிகோலிட்டர் மை விழுகிறது எனக் கொண்டால், ஈரப் படலத்தின் தடிப்பு 8 மைக்ரான். அதில் திண்மப் பொருள் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், நீரும் கிளிசராலும் நீங்கிய பின் எஞ்சுவது 0.8 மைக்ரான். ஒளியுணர் உலர்படலம் பொதுவாக 30 மைக்ரானுக்கும் மேற்பட்ட தடிப்புடையது. டோனரும் பல மைக்ரான் தடிப்புடையது. அவற்றோடு ஒப்பிட இம்மைப்படலம் மிக மெல்லியது. ஒரு தூசித் துகள், ஒரு கைரேகை, ஒரு நுண்கீறல் எதுவாயினும் அப்படலத்தில் ஓட்டையாகும்.

செம்பின் பரப்பைத் தூய்மை செய்வது ஆதலின் சடங்கன்று. மெல்லிய உராய்தாளாலோ பாத்திரம் துலக்கும் நாரினாலோ தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் பின் முகப்பைத் தொடாமல் கையாள வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் மை பரவாமல் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு திரளும். மிகப் பளபளப்பான செம்பும் உகந்ததன்று. பலகையைச் சில நொடிகள் மட்டும் அரிகரைசலில் நனைத்துக் கழுவி, பரப்பை மங்கலாக்கிய பின் அச்சிடுவோரும் உளர். சொரசொரப்பான பரப்பில் மை பரவவும் பற்றவும் இடம் கிடைக்கிறது. அச்சிடும் முன் பலகையை இளஞ்சூடாக்குவதும் உதவும். துளியின் நீர் விரைந்து ஆவியாவதால் அண்டைத் துளிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலப்பது குறைகிறது.

பொறியைத் திறத்தல்

சாதாரணக் காகிதத்தின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர். வழக்கமான மின்சுற்றுப் பலகையின் தடிப்பு 1.6 மில்லிமீட்டர்; மேலும் அது வளையாது. காகிதத்தை வளைத்து இழுக்கும் பொறிக்குள் அது நுழையாது. இதற்கு இரு தீர்வுகள் உள்ளன.

குறுந்தகட்டுத் தட்டு உடைய பொறியில் பாதை முன்னரே நேராக உள்ளது. குறுந்தகட்டின் தடிப்பு 1.2 மில்லிமீட்டர். தட்டின் குழிவைச் சற்று ஆழப்படுத்தியோ, 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய பலகையைப் பயன்படுத்தியோ பொறியை வெட்டாமலே பணியை முடிக்கலாம். பலகையின் அளவு குறுந்தகட்டின் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதே கட்டுப்பாடு. சிறு சுற்றுகளுக்கு இதுவே அறிவுடைய தேர்வு. பலர் இதைத் தாண்டிச் செல்லவே தேவையில்லை.

தட்டு இல்லாத பொறியில் அச்சுத்தலை ஓடும் தண்டவாளத்தை உயர்த்த வேண்டும். பொறியின் மேலுறையைக் கழற்றி, தண்டவாளத்தையும் உருளைகளையும் தாங்கும் சட்டங்களைப் பிரித்து, தண்டவாளத்தின் இரு முனைகளிலும் சம உயரமுள்ள உலோக இடைத்துண்டுகளை வைத்து மீண்டும் திருகுவர். பின்புறத்தில் காகிதம் வளைந்து வரும் பகுதியை நீக்கி, தட்டையான அலுமினியத் தகடு நேராகச் சென்றுவரும் பாதையை அமைப்பர். பலகை அத்தகட்டின் மேல் ஒட்டுநாடாவால் பொருத்தப்படும்.

தண்டவாளம் உயரும்போது அதனோடு உயர வேண்டிய இன்னொன்று பலரால் மறக்கப்படுகிறது. அச்சுத்தலை ஓய்வெடுக்கும் வலது ஓரத்தில் ரப்பர் விளிம்புள்ள மூடியும் துடைப்பானும் உள்ளன. மூடி நுண்துளைகளைக் காற்றுப் புகாமல் அடைத்து ஈரமாக வைத்திருக்கிறது. அதன் அடியிலுள்ள குழாய் அடைப்பு நீக்க மையை உறிஞ்சுகிறது. தலை மட்டும் உயர்ந்து மூடி பழைய உயரத்திலேயே இருந்தால் இரண்டும் பொருந்தா. அன்று அச்சு அழகாகவே வரும். சில நாள் கழித்துப் பொறியை இயக்கினால் துளைகள் காய்ந்து அடைந்திருக்கும். பிசின் கலந்த மை ஒருமுறை துளைக்குள் இறுகிவிட்டால் மீட்பது அரிது. மாற்றியமைத்த பொறிகள் ஓரிரு மாதங்களில் கைவிடப்படுவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் வேறொன்றைக் கூறுவது கடினம்.

தலைக்கும் செம்பிற்கும் இடையேயான தொலைவும் கூர்ந்து அமைக்கத்தக்கது. தலை நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, துளி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது எனக் கொண்டால், 1 மில்லிமீட்டர் இடைவெளியைக் கடப்பதற்குள் துளி ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். தலை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் அச்சிட்டால் இருவழிப் புள்ளிகளுக்கும் இடையே 0.14 மில்லிமீட்டர் விலகல் உண்டாகும். பொறியின் நிரல் தன் இயல்பான இடைவெளிக்கு ஏற்ப இதைச் சரிசெய்துகொள்கிறது. இடைவெளி மாறினால் அத்திருத்தம் பொய்க்கும். ஒருவழி அச்சையே தேர்ந்தெடுப்பதும், இடைவெளியைக் காகிதத்திற்கு இருந்த அளவிலேயே வைப்பதும் நலம்.

காகிதம் வந்துவிட்டதா என்று பார்க்கும் உணரி ஒரு சிறு நெம்புகோலும் ஒளித்தடுப்பானும் சேர்ந்தது. அலுமினியத் தகட்டின் முன்விளிம்பு அந்நெம்புகோலை உரிய கணத்தில் தள்ளுமாறு அமைக்க வேண்டும். முன்னதாகத் தள்ளினாலும் பின்னதாகத் தள்ளினாலும் பொறி காகிதம் சிக்கியது என்று அறிவித்து நின்றுவிடும். வரைவு பலகையின் எவ்விடத்தில் தொடங்கும் என்பதும் இவ்விளிம்பைப் பொறுத்ததே.

உருளை தகட்டை இழுக்கும் அளவு காகிதத்தை இழுக்கும் அளவோடு முற்றிலும் ஒத்திருக்கும் என்று கொள்ளலாகாது. பக்கத்திற்கு 100 மில்லிமீட்டர் உள்ள சதுரம் ஒன்றை அச்சிட்டு அளந்து, வேறுபாட்டைக் கணினியில் ஈடுசெய்ய வேண்டும். 40 கால்கள் கொண்ட தொகுசுற்றில் ஒரு வரிசையின் முதற்காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே 48.26 மில்லிமீட்டர் தொலைவு. அரை விழுக்காடு பிழை இருந்தால் கடைசித் துளை கால் மில்லிமீட்டர் விலகும். காலை வளைத்தே செருக வேண்டியிருக்கும்.

கணினி அனுப்பும் படம்

பொறி சரியாக இருந்தும் கணினியின் ஓட்டுநிரல் வரைவைக் கெடுப்பதுண்டு. கருப்பு நிறத்தை மூவண்ணக் கலவையாக அச்சிடுவதும், கோட்டின் ஓரத்தைச் சாம்பல் நிறப் புள்ளிகளால் மென்மையாக்குவதும் ஒளிப்படத்திற்கு அழகு தரும். மின்சுற்றில் அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் தேவையற்ற செப்புத் துணுக்கை விட்டுவைக்கும். ஆதலின் வரைவு கருப்பு, வெள்ளை என்ற இரண்டே நிலைகளைக் கொண்ட படமாக, பொறியின் இயல்பான புள்ளி அடர்விலேயே அனுப்பப்பட வேண்டும். சி84 போன்ற பொறிகளில் கருப்பு மைக்கு வண்ண மைகளைவிட மிகுதியான நுண்துளைகள் உள்ளன. தடுப்பாக நன்கு நிற்கும் வேறு நிற நிறமி மையைக் கருப்பின் குடுவையில் நிரப்பிப் பயன்படுத்துவோர் இதனாலேயே உளர். எந்த வகைத் தாள் என்று கணினி கேட்கும் வினாவிற்குத் தரும் விடை, விழும் மையின் அளவை மாற்றும். மிகுந்தால் கோடுகள் ஓடிக் கலக்கும். குறைந்தால் படலம் போதாது. இதைச் சோதனையால் மட்டுமே அறிய இயலும்.

டோனர் மாற்று முறையிலிருந்து இம்முறைக்கு வருவோர் விழும் பொதுவான குழி ஒன்று உண்டு. வரைவு மென்பொருள் பலகையின் அடிப்பக்கத் தடங்களை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பது போலவே காட்டும். டோனர் முறையில் தாள் கவிழ்க்கப்படுவதால் படம் தானாகவே திரும்பிவிடுகிறது. நேரடி அச்சில் கவிழ்ப்பு இல்லை. அடிப்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இதை மறந்தால் பலகை குறையின்றி உருவாகும். ஆனால் தொகுசுற்றின் கால்கள் அனைத்தும் இடவலமாக மாறியிருக்கும். இத்தவறு பெரும்பாலும் துளையிட்டு முடித்த பின்பே கண்ணில் படுகிறது.

சூட்டால் இறுகல்

அச்சிட்ட பலகையை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசில் சில நிமிடங்கள் வாட்டுவது வழக்கம். இச்சூட்டில் நீர் முதலில் செல்கிறது, பின்னர்க் கிளிசரால் மெல்ல ஆவியாகிறது, இறுதியில் பிசின் துகள்கள் இளகி ஒன்றோடொன்று கலந்து தொடர்ந்த படலமாகின்றன. மூன்றும் நிகழ்ந்தாலன்றித் தடுப்பு உருவாகாது.

இங்கே ஓர் இழுபறி உள்ளது. கண்ணாடி நாரும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த வழக்கமான எஃப்ஆர்-4 பலகை 130 முதல் 140 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். சில நிமிடங்கள் தாங்கும்; நீண்ட நேரம் வாட்டினால் பழுப்பேறி வளையும். மலிவான பீனாலிக் தாள் பலகையோ கொப்புளித்துச் செம்பு பிரிந்துவிடக்கூடும். மையின் தேவைக்கும் பலகையின் பொறுமைக்கும் இடையே உள்ள இந்தக் குறுகிய இடமே பணியாளரின் திறன் வெளிப்படும் களம். உணவு சமைக்கும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தலாகாது. வெளிப்படும் ஆவி உணவில் படியத்தக்கதன்று. காற்றோட்டமும் வேண்டும்.

அரித்தல்

ஃபெரிக் குளோரைடு கரைசலில் நடைபெறும் வினை எளியது. இரண்டு மூலக்கூறு ஃபெரிக் குளோரைடு ஓர் அணுச் செம்புடன் வினைபுரிந்து, இரண்டு மூலக்கூறு ஃபெரஸ் குளோரைடையும் ஒரு மூலக்கூறு குப்ரிக் குளோரைடையும் தருகிறது. கரைசலை இளஞ்சூடாக்கி அசைத்துக்கொண்டிருந்தால் வினை விரையும். டோனர் முறையில் சிலர் கடற்பஞ்சால் தேய்த்து அரிப்பை விரைவுபடுத்துவர். ஒரு மைக்ரான் படலத்தின் மேல் அது கூடாது. தட்டை அசைப்பதோ காற்றுக் குமிழிகளைச் செலுத்துவதோ போதும்.

கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை. தடுப்பின் ஓரத்தில் பக்கவாட்டிலும் உண்கிறது. வழக்கமான செப்புப் பூச்சின் தடிப்பு 35 மைக்ரான். அவ்வளவு ஆழம் செல்வதற்குள் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ அதே அளவு குறையலாம். 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்த தடத்தின் மேல்விளிம்பு 0.13 மில்லிமீட்டராகக் குறுகும். அச்சுப்பொறியின் விளம்பரத்தில் காணும் ஆயிரக்கணக்கான புள்ளி அடர்வு இங்கே பயன்படுவதில்லை என்பதற்கு இது போதிய சான்று. நம்பி வரையத்தக்க தட அகலம் 0.25 முதல் 0.3 மில்லிமீட்டர் எனக் கொள்வது பாதுகாப்பானது. 100 மில்லிமீட்டர் நீளமும் 0.25 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அத்தகைய தடத்தின் மின்தடை ஏறத்தாழ 0.2 ஓம், பெரும்பாலான குறிப்பலைச் சுற்றுகளுக்கு அது பொருட்டன்று.

அரித்த பின் எஞ்சும் பச்சை நிறக் கரைசலில் கரைந்த செம்பு உள்ளது. நீர்வாழ் உயிரிகளுக்கு அது நஞ்சு. சாக்கடையில் ஊற்றுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் செம்பைப் படியச் செய்து, படிவைத் தனியே பிரித்து, ஆபத்தான கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். இம்முறையைப் பற்றிய விளக்கங்கள் பலவற்றில் பொறியின் மாற்றத்திற்குத் தரும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குத் தரப்படுவதில்லை.

மின்கடத்தும் மையும் தொழிற்சாலைப் பலகையும்

அரிப்பே வேண்டாம், மின்கடத்தும் மையையே அச்சிடலாமே என்ற வினா இயல்பாக எழும். 2013ஆம் ஆண்டில் ஜப்பானிய, அமெரிக்க, பிரித்தானிய ஆய்வாளர் குழு ஒன்று வெள்ளி நுண்துகள் மையைச் சாதாரண வீட்டு அச்சுப்பொறியில் நிரப்பி, பூச்சுடைய தாளின் மேல் சுற்றுகளை உடனடியாக அச்சிட்டுக் காட்டியது. சூடாக்காமலே கடத்தும் மை அது. ஆயினும் அத்தகைய மெல்லிய வெள்ளிப் படலத்தின் தளமின்தடை ஒரு சதுரத்திற்கு ஓமின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில் உள்ளது. 35 மைக்ரான் செம்பிற்கு அது அரை மில்லி ஓம். நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு. மேலும் தாளின் மேல் பற்றாசு வைப்பது எளிதன்று. உணரிகளுக்கும் வளையும் சுற்றுகளுக்கும் அது ஏற்றது; மின்னோட்டம் மிகுந்த பலகைக்கு மாற்றாகாது.

இன்று சிறு எண்ணிக்கையிலான பலகைகளையும் தொழிற்சாலைகள் குறைந்த விலைக்குச் செய்து அஞ்சலில் அனுப்புகின்றன. துளையின் உட்சுவரில் செம்பு பூசுதல், பச்சைக் காப்புப் பூச்சு ஆகிய இரண்டையும் வீட்டு முறை எளிதில் தராது. செலவைக் கணக்கிட்டால் மாற்றியமைத்த அச்சுப்பொறி வெல்வது அரிது. அதன் வலிமை காலத்தில் உள்ளது. காலையில் வரைந்த சுற்றை மாலையில் இயக்கிப் பார்த்து, பிழை கண்டு, இரவில் மறுபலகை செய்ய இயலும். கற்பவருக்கு அஞ்சலுக்காகக் காத்திருக்கும் ஒரு வாரம் சிறிய இழப்பன்று. பிழைக்கும் திருத்தத்திற்கும் இடையே நாள்கள் நீண்டால் செய்ததன் நினைவே மங்கிவிடும்.

கெட்ட பலகையைப் படித்தல்

முதல் சில பலகைகள் கெடும். கெட்ட பலகையை எறியுமுன் உருப்பெருக்கியால் நோக்கினால், பிழை எந்நிலையில் நிகழ்ந்தது என்பதை அதுவே கூறும்.

தலை ஓடும் திசைக்கு இணையாக மெல்லிய வெட்டுக் கோடுகள் சீரான இடைவெளியில் காணப்பட்டால் நுண்துளை ஒன்று அடைந்துள்ளது. அத்திசைக்குக் குறுக்கே செல்லும் தடங்கள் ஒரு புள்ளியில் துண்டிக்கப்பட்டிருக்கும். இணையாகச் செல்லும் மெல்லிய தடமோ நீளவாக்கில் நலிந்திருக்கும். அரிக்கும் முன் ஒரு தாளில் சோதனை அச்சை எடுத்துப் பார்த்திருந்தால் பலகை தப்பியிருக்கும். தடத்தின் இரு பக்க ஓரங்கள் மட்டும் இரட்டையாகத் தோன்றினால் இருவழி அச்சின் விலகல் காரணம். பலகை முழுவதும் ஊசிக்குத்து போன்ற துளைகள் சிதறியிருந்தால் படலம் மெல்லியது, அல்லது அறையில் தூசி மிகுதி. ஒரே கோப்பை அதே இடத்தில் இருமுறை அச்சிடுவது முதற்குறையைத் தீர்க்கும்; ஆனால் தகடு இரண்டாம் முறை இம்மியும் பிசகாமல் நுழைய வேண்டும்.

கரைசலில் மை தோல் போல உரிந்து மிதந்தால் வாட்டல் போதவில்லை. அரித்த பின் மை அகலாமல் செம்போடு கருகி ஒட்டியிருந்தால் வாட்டல் மிகுந்துவிட்டது. உராய்ந்தே நீக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் உண்ணப்பட்டும் இருந்தால் சூடோ கரைசலின் அசைவோ சமமாக இல்லை. அகன்ற செப்புப் பரப்பின் நடுவில், வளைந்து நெருங்கிச் செல்லும் மயிரிழைக் கோடுகளாகச் செம்பு உண்ணப்பட்டிருப்பதும் உண்டு. தூய்மை செய்து முடித்த பின், தகட்டில் பொருத்தும்போது பலகையின் முகப்பைத் தொட்டவரின் கட்டைவிரல் ரேகை அது.